யானைக்கால்: காவிரிக் கரையில் ஒரு வீக்கத்தின் வரலாறு

நிணநீர் வீக்கம் என்பது மருத்துவத் தமிழில் அண்மையில் வந்து சேர்ந்த சொல். காவிரிக் கரைக்கு அது தலைமுறை தலைமுறையாக யானைக்கால். கணுக்கால் மடிப்பு மறைந்து, தோல் தடித்து, பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் பருமனில் வேறுபாடு தெரியாமல் போகும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. ஆனால் அது நோயின் கடைசிக் கட்டத்தைப் பார்த்து வைத்த பெயர். சாயங்காலம் கணுக்காலில் லேசாக வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடும் முதற்கட்டத்துக்குப் பேச்சில் தனிப்பெயர் இல்லை. "கால் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்பதோடு சரி. பெயரில்லாத அந்தக் கட்டத்தில்தான் நோயை நிறுத்திவைக்க முடியும் என்பது மருத்துவத்துக்கே தாமதமாகத்தான் பிடிபட்டது.

உடம்பின் திசுக்களில் கசியும் நீரில் ஒரு பகுதி நரம்பு என்று மக்கள் சொல்லும் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது. மிஞ்சும் நீரும் புரதமும் நுண்கிருமிகளும் மெல்லிய நிணநீர் நாளங்களில் வடிந்து, இடுப்புமடிப்பு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களில் வடிகட்டப்பட்டு இரத்தத்தில் சேர்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டுவது' இந்தக் கணுக்கள் வீங்குவதால்தான். வடிகால் அடைபட்டாலோ சிதைந்தாலோ நீர் தேங்குகிறது. தேங்கிய புரதநீர் தோலுக்கடியில் நார்த்திசுவையும் கொழுப்பையும் வளர்க்கிறது. முதலில் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம், நாளடைவில் குழி விழாத கெட்டி வீக்கமாகிவிடுகிறது. உலகில் இதற்கு முதன்மைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, கொசு கொண்டுவரும் யானைக்கால் புழு. மற்றொன்று, புற்றுநோய்க்காகக் கணுக்களை அகற்றும் அறுவையும் கதிர்வீச்சும். திருச்சிராப்பள்ளி முதல் காரணத்தை நீண்ட காலம் அனுபவித்தது. இரண்டாவதைச் சில பத்தாண்டுகளாகத்தான் கவனிக்கிறது.

பழைய மருத்துவ நூல்கள் நோயைக் கூர்ந்தே பார்த்திருக்கின்றன. சுசுருத சங்கிதை இதைச் சிலீபதம் என்கிறது. பழைய நீர் தேங்கிக் கிடக்கும், எல்லாப் பருவத்திலும் குளிர்ச்சி மாறாத நாடுகளில்தான் இது மிகுதி என்று அந்நூல் குறிப்பிடுகிறது. கொசுவைப் பற்றி ஒன்றும் அறியாத காலத்தில் தேங்கிய நீரையும் வீங்கிய காலையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தது சாதாரணக் கவனிப்பு அல்ல. அதே இடத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது: ஓராண்டு கடந்ததும், பெருத்ததும், கறையான் புற்றுப்போல் முண்டுமுண்டாக எழும்பியதுமான சிலீபதத்தை வைத்தியர் கையில் எடுக்க வேண்டாம். முற்றிய பிறகு பயனில்லை என்று தெரிந்திருந்தது; முற்றாமல் காப்பது எப்படி என்பதுதான் தெளிவாகவில்லை. பிற்காலத்து நாட்டு வைத்தியம் பற்றுப் போட்டது, அட்டை விட்டது, சில இடங்களில் சூடும் வைத்தது. இவற்றில் கடைசி இரண்டும் தோலைக் கிழிப்பவை. நிணநீர் தேங்கிய காலில் தோலைக் கிழிப்பது எவ்வளவு கேடு என்பது பின்னால் வரும்.

கடல்வழியே வந்த ஐரோப்பியர்களுக்கு இந்தக் கால் பெரும் வியப்பு. 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்சோட்டன், தடித்த கால்களோடு நடப்பவர்கள் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்கள் என்ற கதையைக் கேட்டு எழுதிவைத்தார். சாபம் என்று சொல்வது காரணம் தெரியாதபோது எல்லா ஊரும் செய்ததுதான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஜெர்மானிய மருத்துவர் கெம்ப்பர் சற்று வேறுபட்டவர். 'பெரிகால்' என்று உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டு, நோயை நோயாகவே வர்ணித்தார். பின்வந்த ஆங்கிலேயர் 'கொச்சிக்கால்' என்றனர். சோழநாட்டுக்கு அந்த ஊர்ப்பெயர் பொருந்தவில்லை என்றாலும், இங்கும் கால்கள் குறைவில்லாமல் இருந்தன.

திருச்சிராப்பள்ளியில் தென்னூர் இருக்கும் இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். மலைக்கோட்டைக்குத் தென்புறம் அமைந்த பழைய குடியிருப்பு அது. வடக்கே காவிரி, அதற்கப்பால் திருவரங்கத் தீவு, தீவுக்கு மறுபுறம் கொள்ளிடம். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், புத்தூர், பாலக்கரைப் பகுதிகள் வழியாக நகரைக் குறுக்காகக் கடந்து கிழக்கே வயல்களுக்குப் போகிறது. உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராசராசனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுப் பாசன வாய்க்கால் ஒன்று நகரின் நடுவே ஓடுவது பெருமைதான். ஆனால் நகரம் வளர வளர வீட்டுச் சாக்கடை அதில் இறங்கியது. தண்ணீர் விடாத மாதங்களில் அது ஓடாமல் தேங்கியது. வாய்க்கால் கரையிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் வீட்டுக்கு வீடு கிணறு, கொல்லையில் கழிநீர்க் குழி, பின்னாளில் செப்டிக் டேங்க். யானைக்கால் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு வயல் நீரில் அவ்வளவாக வளர்வதில்லை; அதற்குப் பிடித்தது அழுக்கு கலந்த தேக்கநீர். மலேரியாக் கொசுவைப் போலத் தெளிந்த நீரைத் தேடாமல், மனிதன் கழித்த நீரையே தேடி வாழும் கொசு இது. ஆகவே யானைக்கால் காட்டு நோயாகவோ கிராமத்து நோயாகவோ மட்டும் நிற்கவில்லை. சாக்கடை கட்டத் தெரிந்து, அதை ஓடவைக்கத் தெரியாத ஊர்களின் நோயாயிற்று. 1866இல் திருச்சிராப்பள்ளிக்கு நகராட்சி வந்தது. தெருவோரத் திறந்த சாக்கடைகளும் அதன்பின் நீண்டன.

நகராட்சி அமைந்த காலம் நோயின் காரணம் வெளிப்பட்ட காலமும்கூட. 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித இரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன், அந்த நுண்புழுக்கள் கொசுவின் வயிற்றில் வளர்வதைக் காட்டினார். பூச்சி ஒன்று மனித நோயைச் சுமக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். இருந்தும் மேன்சன் ஒரு தவறு செய்தார். கொசு நீரில் விழுந்து சாகிறது, அந்த நீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று நம்பினார். கொசுவின் ஊசிமூக்கிலேயே புழு வந்து காத்திருப்பதை 1900இல் லண்டனில் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ கண்டார்; அதே ஆண்டில் திருவிதாங்கூரில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் எஸ். பி. ஜேம்ஸும் அதைக் கண்டார். இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளில் எத்தனையோ ஊர்களில் குடிநீரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள். படுக்கையறையில் பாடிக்கொண்டிருந்த கொசு கவனத்துக்கு வரவில்லை.

நுண்புழுக்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. பகலில் நுரையீரலின் இரத்தநாளங்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை தோலுக்கடியில் உள்ள இரத்தத்தில் பெருகும். கியூலெக்ஸ் கடிக்கும் நேரமும் அதுவே. எனவே நோயைக் கண்டுபிடிக்க விரும்பிய அரசும் இரவில்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின், தமிழ்நாட்டு நகரங்களில் இரவு இரத்தப் பரிசோதனை என்பது ஒரு தனிக்காட்சி. சாப்பாடு முடிந்து பாய் விரிக்கும் நேரத்தில் பணியாளர் கதவைத் தட்டுவார். விரல்நுனியில் ஊசி குத்தி, கண்ணாடித் தகட்டில் தடித்த சொட்டாக இரத்தம் எடுப்பார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குழந்தைகள் அழும். மறுநாள் ஆய்வகத்தில் சாயமேற்றிய தகட்டில் புழு தென்பட்டால் அந்த வீட்டுக்கு மாத்திரை போகும்.

அந்த மாத்திரைக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. டைஎத்தில்கார்பமசின் என்ற அந்த மருந்தை 1947இல் வெளியிட்டது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம். அப்போது அதன் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். மருந்து வந்த மறுவருடமே இறந்துபோனார். 'ஹெட்ரசான்' என்ற வணிகப்பெயரில் வந்த அந்த மருந்து, நுண்புழுக்களைப் பெருமளவு ஒழித்து, வளர்ந்த புழுக்களிலும் ஒரு பகுதியைக் கொன்றது. ஆனால் செத்த புழுக்கள் உடம்பில் காய்ச்சலையும் வலியையும் கிளப்பின. காலில் வீக்கமோ உடம்பில் வேறு தொல்லையோ இல்லாமல் நலமாக இருந்த ஒருவர் மாத்திரை விழுங்கியதும் காய்ச்சலில் படுத்தால், அடுத்த வீட்டுக்காரர் மாத்திரையை வாயில் வைப்பாரா? 1955 முதல் நடந்த பொதுமருந்து வழங்கலும் வீட்டுக்குள் பூச்சிமருந்து தெளித்தலும் பெரும்பாலும் தோற்றன. 1961இல் மதிப்பீட்டுக் குழு இரண்டையும் கைவிடச் சொன்னது. கியூலெக்ஸ் பூச்சிமருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. எஞ்சியது கொசுப்புழு ஒழிப்பு. வாரம் ஒருமுறை சாக்கடையிலும் கழிநீர்க் குழியிலும் எண்ணெய் தெளிப்பது, இரவில் இரத்தம் எடுப்பது, புழு கண்டவருக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுப்பது என்று வேலை சுருங்கியது. வாரக்கணக்கும் காரணத்தோடுதான்: முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும்.

இத்தனை ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருந்தது. இரவில் எடுத்த இரத்தத்தில் புழு காணப்படுபவருக்குப் பெரும்பாலும் கால் வீங்கியிருக்காது. கால் வீங்கியவரின் இரத்தத்திலோ பெரும்பாலும் புழு இருக்காது. அவருடைய நாளங்களைச் சிதைத்துவிட்டு அந்தப் புழுக்கள் எப்போதோ செத்திருக்கும். ஆகத் திட்டம் தேடிய மனிதர் ஒருவர், துன்பப்பட்ட மனிதர் வேறொருவர். தகட்டில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட யானைக்கால் நோயாளிக்கு அரசின் மருந்துப் பெட்டியில் ஏறக்குறைய எதுவும் இல்லை. நோய் பரவுவதைத் தடுப்பதும், வந்த நோய் முற்றாமல் தடுப்பதும் இரு வேறு வேலைகள். முதல் வேலைக்குத் திட்டமும் ஆட்களும் எண்ணெயும் இருந்தன. இரண்டாவதுக்கு அரை நூற்றாண்டு காலம் பெயர்கூட இல்லை.

முதல் வேலை எப்படி நடந்தது என்பதற்குப் புதுச்சேரி ஒரு சான்று. 1975இல் அங்கே தொடங்கப்பட்ட நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதிலும் கொசு வளரும் இடங்களைத் தேடித் தேடி மூடியது. பூச்சிமருந்தை நம்பாமல் சாக்கடையைச் சரிசெய்வதையும், கிணறுகளிலும் கழிநீர்த் தொட்டிகளிலும் நீர்ப்பரப்பை மூடுவதையும் சேர்த்துச் செய்த முயற்சி அது. கொசு குறைந்தது, திட்டம் முடிந்ததும் மறுபடி ஏறியது. சாக்கடை என்பது ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் இல்லை என்பதைத் திருச்சியில் உய்யக்கொண்டான் கரையில் குடியிருப்பவர்களும் சொல்வார்கள்.

1996இல் பொதுமருந்து வழங்கல் வேறு உருவில் திரும்பிவந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே வேளை, ஊர் முழுவதும். நாட்டிலேயே முன்னோடியாகக் கடலூர் மாவட்டத்தில் தமிழ்நாடு அரசு இதைத் தொடங்கியது. 1997இல் உலக சுகாதாரப் பேரவை யானைக்கால் நோயை ஒழிக்கத் தீர்மானித்தது. 2000இல் உலகத் திட்டம் உருவானது. 2004 முதல் இந்தியா முழுவதும் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கப்பட்டது. பெரியவர்களுக்கு டைஎத்தில்கார்பமசின் 300 மில்லிகிராம், உடன் குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கிடையாது. வளர்ந்த புழு ஐந்தாறு ஆண்டுகள் உயிரோடிருக்கும். அத்தனை ஆண்டுகளும் அதன் குஞ்சுகளை இரத்தத்திலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தால் கொசுவுக்குச் சுமக்க எதுவும் இராது என்பது கணக்கு. தடுமாறியது கணக்கை நடைமுறையாக்குவதில்தான். நோயில்லாதவர் மருந்து விழுங்க வேண்டும் என்பதை ஊருக்குப் புரியவைப்பது லேசான காரியம் இல்லை. மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் பிற்காலத்தில் பணியாளர் கண்முன்னேயே விழுங்கச் சொன்னார்கள். ஆயினும் தமிழ்நாட்டில் நுண்புழு விகிதம் சரிந்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் புதுத்தொற்று இல்லை என்று சோதித்துத் தேறிய மாவட்டங்களில் ஆண்டு மாத்திரை நிறுத்தப்பட்டது. இலங்கை இதில் முந்திக்கொண்டது: 1947இலேயே தனி இயக்கம் தொடங்கிய அந்நாட்டை, யானைக்கால் ஒரு பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக நீடிக்கவில்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மாத்திரை எத்தனை ஆண்டு விழுங்கினாலும் வீங்கிய கால் வற்றாது. அந்தக் கால்களுக்கு முதலில் பதில் தேடியவர்கள் அறுவை மருத்துவர்கள். கல்கத்தாவில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்லஸின் பெயரில் இன்றும் வழங்கும் முறை, தடித்த தோலையும் அடித்திசுவையும் மொத்தமாகச் சீவி எடுத்துவிட்டு வேறிடத்துத் தோலை ஒட்டவைப்பது. கால் மெலிந்தது, ஆனால் வடிகால் திரும்பவில்லை. நுண்ணறுவை வந்த பின் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எஸ். ஜமால் வேறு திசையில் முயன்றார்: அடைபட்ட நிணநீரைக் கணுவிலிருந்தோ நாளத்திலிருந்தோ பக்கத்துச் சிரைக்குத் திருப்பிவிடும் இணைப்பு அறுவை. யானைக்கால் நோயாளிகளுக்கு அவர் செய்த இந்த அறுவையைப் பற்றிய கட்டுரை 1981இல் நிணநீரியல் ஆய்விதழில் வெளிவந்தது. டெல்டாவின் மூலைமுடுக்குகளிலிருந்தும் நோயாளிகள் தேடிவந்த பிரிவு அது. அந்த அறுவையும் நாளங்கள் முழுதும் சிதையாத தொடக்கநிலைக் கால்களுக்குத்தான் நன்றாகக் கைகொடுத்தது. சுசுருதரின் ஓராண்டுக் கெடு வேறு வடிவில் திரும்பிவந்தது.

உண்மையான திருப்பம் காய்ச்சலைக் கவனித்ததில் நேர்ந்தது. யானைக்கால் உள்ளவருக்கு ஆண்டில் சில முறை குளிர்காய்ச்சல் வரும், நெறி கட்டும், கால் சிவந்து சுடும், மூன்று நான்கு நாள் எழுந்திருக்க முடியாது. கூலிவேலை செய்பவருக்கு நோயின் முதல் இழப்பு இதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. மருத்துவர்களும் நெடுங்காலம் இதைப் புழுவின் வேலை என்றே எண்ணி, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் புழு மாத்திரையைக் கொடுத்தார்கள். 1990களில் போலந்து நிணநீரியலாளர் ஓல்ஷெவ்ஸ்கி, ஜமால் உள்ளிட்ட தமிழ்நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து, இத்தகைய நோயாளிகளின் தோல், திசுநீர், நிணநீர், கணு ஆகியவற்றைச் சோதித்தபோது அங்கே கிடைத்தவை சாதாரணத் தோல் பாக்டீரியாக்கள். வழி எது என்பதும் தெரிந்தது: விரலிடுக்கு. ஒவ்வொரு காய்ச்சலும் எஞ்சியிருக்கும் நாளங்களில் கொஞ்சத்தை வடுவாக்கிவிட்டுப் போகிறது. வீக்கம் ஒரு படி ஏறுகிறது. ஏறிய வீக்கத்தில் மடிப்பு உண்டாகி, மடிப்பில் ஈரம் தங்கி, ஈரத்தில் அடுத்த புண் வருகிறது. கொசு போட்ட விதையைப் பெருமரமாக்குவது இந்தச் சுழல்தான்.

காவிரிப் படுகைக்கு அந்த விரலிடுக்குப் புண் புதிதல்ல. அது சேற்றுப்புண். குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்றுப் பறித்து நடும் பெண்கள் நாள்முழுதும் சேற்றில் நின்று, சாயங்காலம் விரல்களுக்கு நடுவே வெளுத்து வெடித்த தோலோடு வீடு திரும்புவார்கள். மருதாணி அரைத்துப் பூசுவதும், மஞ்சளைக் குழைத்து அப்புவதும் வீட்டு வைத்தியம். மற்றவர்களுக்கு அது இரண்டு நாள் எரிச்சல். நிணநீர் நாளம் சிதைந்த காலுக்கோ அது திறந்து கிடக்கும் வாசல். காளான் தொற்றும் பாக்டீரியாவும் கைகோத்து நுழையும் அந்த வாசலை அடைத்தால் காய்ச்சல் நிற்குமா என்று 1990களின் பிற்பாதியில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர். கே. ஷெனாயும், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் குமாரசுவாமியும் மற்றவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். காலைக் கழுவிப் பேணியவர்களுக்குக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அதோடு புழு மருந்தைச் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அதே காலத்தில் பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா டிரையர் இதே முடிவுக்கு வந்து, வீக்கத்தை ஏழு படிகளாக வகுத்து, நோயாளிகளையே குழுக்களாகச் சேர்த்துக் கால்பராமரிப்பைக் கற்பித்தார். அவருடைய முதல் படி, இரவில் வடிந்துவிடும் வீக்கம். ஏழாவது படி, நோயாளி தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியாத நிலை.

கண்டுபிடித்த சிகிச்சை ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளியது. தினமும் ஒருமுறை, புண் இருந்தால் இருமுறை, சாதாரண சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு காலைக் கழுவ வேண்டும். வெந்நீரோ பிரஷ்ஷோ கூடாது. கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது. விரலிடுக்கிலும் தோல்மடிப்பிலும் துணியை நுழைத்து ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். தேய்த்தால் தோல் உரியும். வெளுத்த இடத்தில் காளான் களிம்பு பூச வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். தலையணை போதாவிட்டால் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்தாலும் சரி. கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், குதிகாலை எம்பி இறக்குவதும் கெண்டைத் தசையைப் பம்பாக்கி நீரை மேலே தள்ளும். வெளியே போனால் செருப்பு வேண்டும். கட்டுத்துணியோ அழுத்தக் காலுறையோ பயிற்சி பெற்றவர் அளவு பார்த்துப் போட்டால்தான் நல்லது. மேலே இறுக்கமும் கீழே தளர்வுமாகக் கட்டினால் வீக்கம் பாதத்துக்கு இறங்கும்.

காய்ச்சல் வந்த நாளில் விதிகள் மாறுகின்றன. உடற்பயிற்சியும் கட்டும் நிறுத்தப்பட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் போட்டு, உயர்த்தி வைத்துப் படுத்து, அன்றே மருத்துவரைப் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி தொடங்க வேண்டும். கொப்புளத்தைக் குத்துவது, சூடான பற்றுப் போடுவது, உருவிவிடுவது மூன்றும் தீமை. அட்டையும் சூடும் ஏன் கேடு என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: அவை பாக்டீரியாவுக்குப் புது வாசல் திறப்பவை.

செருப்பு விஷயத்தில் ஓர் இடக்கு உண்டு. வயலில் செருப்போடு நாற்று நட முடியாது. கோயிலுக்குள் செருப்பு போகாது. திருவரங்கத்தின் ஏழு பிராகாரங்களையும் சுற்றிவருபவர் பெரும்பகுதியை வெறுங்காலோடுதான் நடக்கிறார். வெறுங்காலை விடச் சொல்வதைவிட, வீடு திரும்பியதும் காலைக் கழுவி விரலிடுக்கைத் துடைக்கச் சொல்வதுதான் இந்த ஊரில் எடுபடும். வாசலில் காலைக் கழுவிவிட்டு உள்ளே வரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழக்கத்தில் துண்டு மட்டும் இல்லை. ஈரக்காலோடு திண்ணை ஏறுவதுதான் பழக்கம்.

பெண்களிடம் நோய் தாமதமாகவே வெளிப்படுவதற்குப் புடவையும் ஒரு காரணம். கணுக்காலை மறைத்துக் கட்டினால் இரண்டாம் படி வரைகூட வெளியே தெரியாது. தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம் மறைப்பை நியாயமாக்கியது. தொடக்கநிலையில் மருத்துவரிடம் போவது என்பது இங்கே மருத்துவ அறிவோடு நிற்காமல் மானத்தோடும் சிக்கிக்கொண்டிருந்தது.

2000க்குப் பிறகு உலகத் திட்டமே இரண்டு கால்களில் நிற்கத் தொடங்கியது: ஒன்று பரவலைத் தடுப்பது, மற்றது நோயுற்றவரைப் பேணுவது. தமிழ்நாட்டில் சுகாதாரத் துறை நோயாளிகளைக் கணக்கெடுத்து, பேசின், குவளை, சோப்பு, துண்டு, காளான் களிம்பு அடங்கிய பெட்டியைக் கொடுத்து, எப்படிக் கழுவுவது என்று செய்துகாட்டுகிறது. அரசுக் கணக்கில் நான்காம் நிலை எனக் குறிக்கப்படும் முற்றிய நோயாளிகளுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. உதவித்தொகை முற்றியவருக்கு, பெட்டி முற்றாமல் இருக்க. பெட்டியின் விலை சில நூறு ரூபாய்தான். 1955இல் அந்த அறிவு இருந்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருக்கக்கூடிய பொருள்கள்தான் அதில் உள்ளன.

கொசு குறைந்துவரும் நாளில் நிணநீர் வீக்கம் வேறு வாசல் வழியாகத் திரும்பிவருகிறது. தென்னூருக்கு அடுத்த புத்தூர் அரசு மருத்துவமனையிலும், தென்னூர், தில்லைநகர்ப் பகுதிகளில் நிறைந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் மார்பகப் புற்றுநோய் அறுவை இன்று வழக்கமான ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பும் மார்புத்தசையும் அக்குள் கணுக்களும் மொத்தமாக அகற்றப்பட்டன. பிழைத்தவர்களில் பலருக்குக் கை வீங்கியது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்திலும் அதுதான் வழக்கம். 1990களில், புற்று முதலில் போய்ச்சேரும் காவல்கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. அக்குள் கணுக்களை முழுதாக எடுத்தால் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. காவல்கணுவோடு நிறுத்தினால் இருபதில் ஒருவர் அளவுக்குக் குறைகிறது. நிணநீர் வீக்கத்தைத் தடுப்பதில் அறுவை அரங்கம் செய்த பெரும்பங்கு இதுவே.

கை விஷயத்திலும் நெடுநாள் நிலவிய அறிவுரை, அந்தக் கையை அசைக்காதே, எடை தூக்காதே என்பது. அறுவை முடிந்த பெண் தண்ணீர்க்குடம் தூக்காமல், மாவாட்டாமல், பேரப்பிள்ளையை எடுக்காமல் ஒதுங்கினார். 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை, அறிகுறிகள் தணிந்தன என்று காட்டியது. அசையாத கை தளர்கிறது; தசை சுருங்கி விரிவதுதான் நிணநீரை ஓட்டுகிறது. உடல் எடை மிகுந்தால் வீக்கத்துக்கான வாய்ப்பும் மிகுகிறது என்பது உறுதிப்பட்டிருக்கிறது. அந்தக் கையில் வெட்டுக்காயம், தீக்காயம், நகச்சுற்று வராமல் பார்த்துக்கொள்வதும், வந்தால் உடனே கழுவி மருந்திடுவதும் காலுக்குச் சொன்ன விதிகளேதான்.

தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதற்குக் கையில் ஒரு வசதி உண்டு. கால் வீங்கும் நாளை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. கையிலோ அறுவையின் நாள் தெரியும். அறுவைக்கு முன்பே இரு கைகளையும் மணிக்கட்டிலிருந்து மேலே குறிப்பிட்ட இடைவெளிகளில் நாடாவால் அளந்து குறித்துவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரியும் முன்பே பெருக்கம் பிடிபடும். அமெரிக்கக் கடற்படை மருத்துவமனை ஒன்றில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கையின் கன அளவு மூன்று விழுக்காடு கூடியதுமே சில வாரங்களுக்கு அழுத்தக் கையுறை அணிவித்தபோது வீக்கம் பழைய நிலைக்கு இறங்கியது. வளையல் இறுகுவது, ரவிக்கைக் கை பிடிப்பது, சாயங்காலம் கை கனப்பது ஆகியவை நாடா இல்லாமலே தெரியும் அறிகுறிகள். கெட்டித்துப்போன வீக்கத்துக்கு வாரக்கணக்கில் பலஅடுக்குக் கட்டும், தோல்பராமரிப்பும், பயிற்சியும், டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் 1930களில் உருவாக்கிய மென்மையான நிணநீர் உருவலும் சேர்ந்த தொகுப்புச் சிகிச்சை வேண்டும். அதற்குப் பிறகும் கையுறையை விட முடியாது. மூன்று விழுக்காட்டில் பிடித்தவருக்கு ஒரு கையுறையும் நான்கைந்து வாரமும் பெரும்பாலும் போதுமானதாயிருந்தது.